கறுப்புப் பட்டையின் ஓரத்தைப் படியுங்கள்: அமெரிக்க அரசு, நீதிமன்ற ஆவணங்களுக்கு ஒரு தொடக்க வழிகாட்டி

அமெரிக்க அரசு வெளியிட்ட ஆவணம் பாதிக்குப் பாதி கறுப்பாக இருந்தால் சிலர் உடனே மூடிவிடுகிறார்கள். வேறு சிலர் அடியில் யார் பெயர் இருக்கும் என்று ஊகிக்கத் தொடங்குகிறார்கள். அதற்கெல்லாம் முன்பு பார்க்க வேண்டியது பட்டையின் ஓரத்திலோ உள்ளேயோ சின்ன எழுத்தில் இருக்கும் குறியீடு. எந்தச் சட்டத்தின் எந்த உட்பிரிவைச் சொல்லி மறைத்தார்கள் என்பது அதில் இருக்கிறது. மறைத்த அளவையும் அதற்கான பிரிவையும் காட்ட வேண்டும், தொழில்நுட்பம் இடம்கொடுத்தால் மறைத்த இடத்திலேயே காட்ட வேண்டும் என்று அமெரிக்கத் தகவல் சுதந்திரச் சட்டமே துறைகளைக் கட்டாயப்படுத்துகிறது. குறியீட்டைச் சொன்னாலே ரகசியம் உடைந்துவிடும் என்றால்தான் அதிலிருந்து விலக்கு. மறைந்திருப்பது அதிகாரியின் பெயரா, அரசு வக்கீலின் ஆலோசனையா, உளவு வழியில் வந்த தகவலா என்பது பெரும்பாலும் அந்தக் குறியீட்டிலேயே தெரிந்துவிடும். மறைத்தது சரிதானா என்று எதிர்த்துக் கேட்கும்போதும் அதைப் பிடித்துக்கொண்டுதான் கேட்க வேண்டும்.

குறியீடுகள் மூல ஆவணத்தில் ஆங்கில எழுத்துகளில் இருக்கும். இங்கே பி1, பி7சி என்று எழுதியிருப்பதைச் சில துறைகள் அடைப்புக்குறி போட்டும், எஃப்பிஐ போன்றவை அடைப்புக்குறி இல்லாமலும் அச்சிடும். பொருள் ஒன்றுதான்.

முதல் படி: கையில் இருப்பது எந்த வகை

மூன்று வகை உண்டு. மூன்றுக்கும் விதிகள் வேறு. இங்கே குழம்பினால் பிறகு படிப்பதெல்லாம் தப்பாகிவிடும்.

ஒன்று, தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் வெளியானது. 1966 ஜூலை 4 அன்று அதிபர் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டம் இது. ஆங்கிலச் சுருக்கத்தை ஒரே சொல்லாக ‘ஃபோயா’ என்றே எல்லோரும் சொல்கிறார்கள். இந்த ஆவணங்களில் பட்டைக்குப் பட்டை குறியீடு இருக்கும்.

இரண்டு, நீதிமன்றத்தில் தாக்கல் ஆனது. பக்கத்தின் உச்சியில் ஒற்றை வரியில் வழக்கு எண், ஆவண எண், தாக்கல் தேதி, பக்க எண் ஆகியவை இருக்கும். பட்டை வெறும் கறுப்பாக இருக்கும், குறியீடு பெரும்பாலும் இருக்காது. காரணத்தை வேறொரு மனுவிலோ நீதிபதியின் உத்தரவிலோ தேட வேண்டும்.

மூன்று, ரகசிய வகைப்பாட்டிலிருந்து விடுவிக்கப்பட்ட பழைய ஆவணம். சிஐஏ 2017 ஜனவரியில் இணையத்தில் ஏற்றிய சுமார் 9,30,000 ஆவணங்கள் இந்த வகை. 1980களின் இலங்கை இனப்போர் பற்றிய மதிப்பீடுகளைத் தேடிப் போகிறவர்கள் அங்கேதான் போய்ச் சேர்வார்கள். அவற்றில் கறுப்புக்குப் பதிலாக வெள்ளை இடைவெளி இருக்கும், ஓரத்தில் ‘25எக்ஸ்1’ என்றோ ‘ஸ்டாட்’ என்றோ முத்திரை இருக்கும். 25 என்பது இருபத்தைந்து ஆண்டுகளில் தானாக விடுவிக்கும் விதி. எக்ஸ்1 என்பது அந்த விதிக்கான முதல் விதிவிலக்கு, முக்கியமாக உளவு மூலங்களைக் காப்பது. ‘ஸ்டாட்’ என்றால் தனிச் சட்டம் ஒன்று தடுக்கிறது என்று அர்த்தம். சிஐஏவில் அது பெரும்பாலும் ஊழியர் பெயர், அலுவலக அமைப்பு சம்பந்தப்பட்டது. வெள்ளை இடைவெளியைப் பத்தி முடிந்துவிட்டது என்று நினைத்துத் தாண்டிப் போவது புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு.

ஒரே ஆவணம் ஒரு வகையிலிருந்து இன்னொன்றுக்கு மாறவும் செய்யும். 2016 தேர்தலில் ரஷ்யத் தலையீடு பற்றி ராபர்ட் முல்லர் விசாரித்து எழுதி, 2019 ஏப்ரல் 18 அன்று வெளியான 448 பக்க முல்லர் அறிக்கையின் முதல் பதிப்பில் பட்டைக்குள் நான்கே காரணங்கள் எழுதியிருந்தன: நடந்துகொண்டிருக்கும் வழக்குக்குப் பாதகம், கிராண்ட் ஜூரி (குற்றம் சாட்டலாமா என்று ரகசியமாகக் கூடி முடிவு செய்யும் குடிமக்கள் குழு), புலனாய்வு உத்தி, தனியுரிமை. அது நீதித்துறை தானாக வெளியிட்டது, அதனால் சட்டப் பிரிவு எண் இல்லை. ஃபோயாவின் கீழ் வழக்குகள் போட்ட பிறகு வந்த பதிப்பில் அதே பட்டைகளின் மேல் பி3, பி7ஏ, பி7சி என்று குறியீடுகள் ஏறின. ஆய்வுக்கு எடுப்பதானால் குறியீடு உள்ள பதிப்பையே எடுங்கள்.

இரண்டாம் படி: சட்ட எண்ணைப் பிரிப்பது

‘5 யு.எஸ்.சி. § 552(பி)(7)(சி)’ என்று இருந்தால் இடமிருந்து வலமாகப் போங்கள். 5 என்பது தலைப்பு எண், யு.எஸ்.சி. என்பது ஃபெடரல் சட்டங்களின் தொகுப்பு, § என்பது பிரிவுக் குறி, 552 பிரிவு, மிச்சமெல்லாம் உட்பிரிவுகள். தலைப்பு 5 அரசு நிர்வாகம், 8 குடியேற்றம், 18 குற்றவியல், 26 வரி, 28 நீதித்துறை நடைமுறை, 50 போரும் தேசப் பாதுகாப்பும். இந்த ஆறும் மனதில் இருந்தால் பெரும்பாலான ஆவணங்களில் திணற மாட்டீர்கள். முழு வாசகம் பிரதிநிதிகள் சபையின் சட்டத் திருத்த ஆலோசகர் அலுவலகத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். கார்னெல் சட்டக் கல்லூரியின் தளம் புதியவர்களுக்கு இன்னும் எளிது.

வழுக்கும் இடங்கள் மூன்று.

சி.எஃப்.ஆர். என்பது வேறு. அது துறைகள் இயற்றிய விதிமுறைகளின் தொகுப்பு. 28 சி.எஃப்.ஆர். 16ஆம் பகுதி நீதித்துறையின் ஃபோயா விதிகள், 28 யு.எஸ்.சி. போய்த் தேடினால் அது கிடைக்காது.

அடுத்தது, எண்ணுக்குப் பின்னால் ‘குறிப்பு’ என்ற ஆங்கிலச் சொல் ஒட்டியிருப்பது. கென்னடி கொலை ஆவணங்களுக்கான 1992ஆம் ஆண்டுச் சட்டம் 44 யு.எஸ்.சி. 2107இன் கீழ் ‘குறிப்பு’ ஆகத்தான் இருக்கிறது. பிரிவு 2107ஐ மட்டும் படித்தால் கென்னடி பற்றி ஒரு வரிகூட இருக்காது. அதே பக்கத்தில் கீழே குறிப்புகள் என்ற பகுதிக்கு இறங்க வேண்டும்.

மூன்றாவதுதான் பலரைக் குழப்புகிறது. தலைப்பு 50இன் எண்கள் 2013இல் மாற்றி அடுக்கப்பட்டன. பழைய ஆவணத்தில் 50 யு.எஸ்.சி. 403ஜி என்று இருந்தால் இன்று அது 3507, அதாவது சிஐஏ சட்டம். 403-1(ஐ) என்று இருந்தால் இன்று 3024(ஐ)(1), உளவு மூலங்களையும் முறைகளையும் காக்கும் பொறுப்பை தேசிய உளவுத்துறை இயக்குநரிடம் தரும் பிரிவு. எண் மாறியதே தவிர சட்டம் போய்விடவில்லை. “இல்லாத சட்டத்தைக் காட்டி மறைத்திருக்கிறார்கள்” என்று சண்டைக்குப் போகும் முன் பழைய எண்ணைப் புதிய எண்ணோடு பொருத்திப் பாருங்கள்.

மூன்றாம் படி: ஒன்பது விலக்குகள்

இந்தியாவின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்தியவர்களுக்கு 8(1) பிரிவும் 10ஆம் பிரிவும் பழக்கம். அங்கே இரண்டு பிரிவுகள் செய்வதை இங்கே 552(பி) ஒன்றே செய்கிறது: ஒன்பது விலக்குகளை அடுக்கிவிட்டு, பிரித்துத் தரக்கூடிய பகுதியைத் தந்தே ஆக வேண்டும் என்று முடிகிறது. இன்னொரு வித்தியாசம், ஃபோயா மனுப் போட அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டியதில்லை. மதுரையில் உட்கார்ந்துகொண்டும் போடலாம்.

பி1 தேசப் பாதுகாப்பு ரகசியம். இதைத் தனியாகப் படிக்கக் கூடாது. பக்கத்திலேயே 1.4(சி), 1.4(டி) என்று இன்னொரு எண் இருக்கும். அது 2009 டிசம்பர் 29 தேதியிட்ட 13526ஆம் நிர்வாக ஆணையின் பிரிவு. 1.4(ஏ) ராணுவத் திட்டமும் ஆயுதமும், (பி) வெளிநாட்டு அரசு தந்த தகவல், (சி) உளவு, (டி) வெளியுறவு. வெளியுறவுத் துறைத் தந்தியில் 1.4(பி)யும் (டி)யும் சேர்ந்து வந்தால் அந்நிய அரசு அதிகாரி ஒருவர் சொன்னது அடியில் இருக்க வாய்ப்பு அதிகம். சட்டமீறலை மறைக்கவோ சங்கடத்தைத் தவிர்க்கவோ எதையும் ரகசியமாக்கக் கூடாது என்று அதே ஆணையின் 1.7 சொல்கிறது, மேல்முறையீட்டில் கைகொடுக்கும் வரி.

பி3 தானாக எதையும் மறைக்காது. வேறொரு சட்டத்தைக் கைகாட்டும், அந்தச் சட்டம்தான் மறைக்கிறது. பி3 என்று பார்த்தால் “எந்தச் சட்டம்?” என்று கேட்க வேண்டும். அடிக்கடி வருபவை: 26 யு.எஸ்.சி. 6103 (வரிக் கணக்கு), 8 யு.எஸ்.சி. 1202(எஃப்) (விசா பதிவுகள்), 13 யு.எஸ்.சி. 9 (மக்கள்தொகைக் கணக்கெடுப்பு), 50 யு.எஸ்.சி. 3605 (என்எஸ்ஏ என்ற மின்னணு உளவு அமைப்பு), குற்றவியல் நடைமுறை விதி 6(ஈ) (கிராண்ட் ஜூரி). 2009 அக்டோபர் 28க்குப் பிறகு இயற்றிய சட்டமானால் அதில் 552(பி)(3) என்று பெயர் சொல்லியே எழுதியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பி3க்குச் செல்லாது. கிராண்ட் ஜூரி என்ற பெயரைச் சொல்லி ஜூரியின் கையில் பட்ட காகிதம் எல்லாவற்றையும் மறைக்க முடியாது. விசாரணையின் உள்நடப்பு வெளிப்படுமா என்பதே அளவுகோல்.

பி5 துறைக்குள்ளோ துறைகளுக்கிடையிலோ நடந்த ஆலோசனை. இதன் அடியில் வெளியிடாமல் வைத்துக்கொள்ளும் மூன்று தனித்தனி உரிமைகள் ஒளிந்திருக்கின்றன: முடிவெடுக்கும் முன் நடந்த விவாதம், வக்கீல்-கட்சிக்காரர் பேச்சு, வழக்குக்காக வக்கீல் தயாரித்த குறிப்பு. முதல் வகைக்கு மட்டும் ஆயுள் உண்டு. 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, மனுப் போட்ட தேதிக்கு இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் உருவான ஆவணத்தில் அந்தக் காரணத்தைச் சொல்ல முடியாது. வரைவில் இருந்த கருத்தை மறைக்கலாம். எண்ணிக்கை, தேதி, நடந்த சம்பவம் போன்ற வெறும் உண்மைகள் கருத்தோடு பிரிக்க முடியாமல் பின்னியிருந்தாலொழிய மறைக்கக் கூடாது. எங்கள் கணிப்பில், துறைகள் கை நீட்டி அளவுக்கு மீறிப் பூசும் இடம் இதுதான். முதலில் இங்கேதான் தட்ட வேண்டும்.

பி6, பி7சி இரண்டும் தனியுரிமை. பெரும்பாலும் சேர்ந்தே வரும். பி6 எந்தக் கோப்புக்கும் பொருந்தும், ஆனால் பாதிப்பு “தெளிவாக” நியாயமற்றதாக இருக்க வேண்டும். பி7சி புலனாய்வுக் கோப்புக்கு மட்டும். அதைச் சொல்லி மறைப்பது இன்னும் சுலபம். இந்தப் பட்டை சின்னதாக, ஒன்றிரண்டு சொல் அகலத்தில் இருந்தால் பெயர்தான். எஃப்பிஐ முகவரின் பெயர், சாட்சியின் பெயர், தட்டச்சு செய்தவரின் பெயர் என எல்லாவற்றுக்கும் இதே குறியீடு. பெரிய ரகசியம் என்று மனக்கோட்டை கட்ட வேண்டாம்.

மற்ற பி7களில், ஏ என்பது நடந்துகொண்டிருக்கும் நடவடிக்கை. இதற்குக் காலாவதி உண்டு, அதனால்தான் இது சுவாரசியமானது. முல்லர் அறிக்கையில் ட்ரம்ப்பின் நீண்டகால ஆலோசகர் ரோஜர் ஸ்டோன் தொடர்பான பகுதிகள் முதலில் மறைக்கப்பட்டிருந்தன. 2019 நவம்பரில் அவர் குற்றவாளி என்று தீர்ப்பாகி, 2020 பிப்ரவரியில் தண்டனையும் விதித்த பிறகு, அவற்றில் பலவற்றை 2020 ஜூனில் திறந்துவிட்டார்கள். பி7ஏ போட்ட ஆவணம் கைக்கு வந்தால் அந்த வழக்கு எப்போது முடிகிறது என்று பார்த்துவைத்து, முடிந்ததும் புது மனுப் போடுங்கள். டி என்பது ரகசியத் தகவலாளி; அவர் இறந்தாலும் விலக்கு போகாது. ஈ என்பது புலனாய்வு உத்தி. குடியேற்றக் கோப்புகளில் தரவுத்தளக் குறியீடுகளையும் கணினித் திரை வரிகளையும் இதைச் சொல்லித்தான் அழிப்பார்கள். பி என்பது நேர்மையான விசாரணை நடப்பதற்கு, எஃப் என்பது உயிர் ஆபத்துக்கு.

பி4 வணிக ரகசியம். பி8 வங்கி மேற்பார்வை அறிக்கை. பி9 எண்ணெய்க் கிணறுகளின் நிலவியல் தரவு. இதை வருடக்கணக்கில் பார்க்காமலே இருக்கலாம். பி2 உள் ஊழியர் விதிகள். 2011இல் உச்ச நீதிமன்றம் மில்னர் வழக்கில் இதை வெட்டிச் சுருக்கிவிட்டது. அதற்கு முந்தைய ஆவணத்தில் பி2 என்று மறைத்த இடங்களைத் திரும்பக் கேட்டால் சில திறக்கும்.

ஜே2, கே2, கே5 என்று வந்தால் அவை ஃபோயா அல்ல, 5 யு.எஸ்.சி. 552ஏ என்ற தனியுரிமைச் சட்டம். உங்களைப் பற்றிய கோப்பை நீங்களே கேட்டிருந்தால்தான் இவை வரும். குடியேற்றத் துறையிடம் தன் முழுக் கோப்பைக் கேட்கும் தமிழர்கள் இவற்றைப் பார்த்து மிரள வேண்டாம். அங்கே அழித்திருப்பது பெரும்பாலும் அதிகாரி பெயரும் பி7ஈ வரிகளும்தான். மனுவில் அடையாளத்தை உறுதிசெய்ய நோட்டரி கட்டாயமில்லை, 28 யு.எஸ்.சி. 1746இன்படி, பொய் சொன்னால் தண்டனைக்கு உட்படுவேன் என்ற உறுதிமொழி வாசகத்தோடு கையெழுத்திட்டால் போதும். கையெழுத்து விட்டுப்போனால் கோப்பு நகராது.

நான்காம் படி: கணக்குப் பாருங்கள்

முகப்புக் கடிதத்தை முதலில் படியுங்கள். எத்தனை பக்கம் பரிசீலித்தோம், எத்தனை முழுதாக, எத்தனை பகுதியாகத் தந்தோம், எத்தனை தரவில்லை என்று இருக்கும். பிறகு கோப்பில் உண்மையில் உள்ள பக்கங்களை எண்ணுங்கள். எஃப்பிஐ நீக்கிய பக்கங்களுக்குப் பதிலாக ஒரு தாள் செருகும். நீக்கிய பக்க எண்ணும் அதற்கான குறியீடும் அதில் வரிசையாக இருக்கும். கணக்கு உதைத்தால் எழுதிக் கேளுங்கள். பல சமயம் அந்தப் பக்கங்கள் வேறு துறைக்கு அனுப்பப்பட்டிருக்கும். அங்கிருந்து தனிக் கடிதம் வரும்.

‘கேட்டதற்குத் தொடர்பில்லை’ என்று ஒரே ஆவணத்துக்குள் பத்தியை மறைத்திருந்தால் அதற்குச் சட்டத்தில் இடமில்லை. 2016இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம், அமெரிக்கக் குடியேற்ற வக்கீல்கள் சங்கம் தொடுத்த வழக்கில், ஆவணம் தொடர்புடையது என்று ஒப்புக்கொண்டால் உள்ளே உள்ளதை ஒன்பது விலக்குகளைக் காட்டி மட்டுமே மறைக்கலாம் என்று சொல்லிவிட்டது.

ஆவணம் “இருக்கிறது என்றும் சொல்ல மாட்டோம், இல்லை என்றும் சொல்ல மாட்டோம்” என்று பதில் வந்தால் அதற்கு க்ளோமர் பதில் என்று பெயர். மூழ்கிய சோவியத் நீர்மூழ்கிக் கப்பலைத் தூக்க சிஐஏ கட்டிய க்ளோமர் எக்ஸ்ப்ளோரர் கப்பலைப் பற்றிக் கேட்டபோது வந்த பதில் அது. இதையும் மறுப்பாகவே கொண்டு மேல்முறையீடு செய்யலாம்.

ஐந்தாம் படி: நீதிமன்றத் தாள்கள்

1:17-cr-00201-ABJ என்ற எண்ணைப் பாருங்கள். இது மட்டும் ஆவணத்தில் உள்ளபடியே. முதல் 1 கிளை அலுவலகம், 17 தாக்கலான ஆண்டு, அடுத்த இரண்டெழுத்து கிரிமினல் வழக்கு என்பதற்கு, 00201 வரிசை எண், கடைசி மூன்றெழுத்து நீதிபதி ஏமி பெர்மன் ஜாக்சனின் முதலெழுத்துகள். சிவில் வழக்கானால் நடுவில் ‘சிவி’, தேடுதல் வாரண்ட் போல மாஜிஸ்திரேட் முன் வருபவை ‘எம்ஜே’.

வழக்கின் தாக்கல் பட்டியலைப் பேசர் என்ற அரசுத் தளத்தில் பார்க்கலாம். பக்கத்துக்கு 10 சென்ட், ஒரு ஆவணத்துக்கு அதிகபட்சம் 3 டாலர். மூன்று மாதத்தில் 30 டாலருக்குள் நின்றால் பில் வராது. கோர்ட்லிஸனர் தளத்தின் ரீகேப் தொகுப்பில் ஏற்கெனவே யாராவது இறக்கியது இலவசமாக இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். பட்டியலில் 41க்கு அடுத்து 44 வந்தால் நடுவில் உள்ளவை முத்திரையிடப்பட்டவையாக, அதாவது பொதுப் பார்வைக்கு மூடப்பட்டவையாக இருக்கலாம். குடியேற்ற வழக்குகளில் சிவில் நடைமுறை விதி 5.2(சி) குறுக்கே நிற்கும்: கட்சிக்காரர் அல்லாதவர் தூரத்திலிருந்து பட்டியலையும் உத்தரவுகளையும் மட்டுமே பார்க்க முடியும், மற்றவற்றுக்கு நீதிமன்றத்துக்கே போக வேண்டும்.

சாதாரணத் தாக்கல்களில் சின்னச் சின்ன மறைப்புகள் விதி 5.2, கிரிமினலில் 49.1 ஆகியவற்றால் வருபவை. சமூகப் பாதுகாப்பு எண்ணில் கடைசி நான்கு இலக்கம், பிறந்த ஆண்டு மட்டும், சிறுவரின் முதலெழுத்துகள், வங்கிக் கணக்கின் கடைசி நான்கு இலக்கம். கிரிமினல் வழக்கில் கூடுதலாக வீட்டு முகவரிக்குப் பதில் ஊரும் மாநிலமும். இவற்றில் மர்மம் ஒன்றுமில்லை. ‘நபர் 1’, ‘கூட்டுச் சதியாளர் 2’ என்று வருவது வேறு காரணத்தால். குற்றம் சாட்டப்படாதவரைப் பொதுத் தாக்கலில் பெயர் சொல்லி இழுக்கக் கூடாது என்பது நீதித்துறையின் கொள்கை.

பெரிய மறைப்புகளுக்கு ஒரு நல்ல பாடம் ட்ரம்ப்பின் ஃப்ளோரிடா இல்லமான மார்-அ-லாகோவைச் சோதனையிட வாங்கிய தேடுதல் வாரண்டின் பிரமாணப் பத்திரம், 2022 ஆகஸ்ட் 26 அன்று வெளியானது. பக்கம் பக்கமாகக் கறுப்பு. ஆனாலும் மூன்று சட்ட எண்கள் வெளியே இருந்தன: 18 யு.எஸ்.சி. 793, 1519, 2071. ஒவ்வொன்றையும் திறந்து, குற்றம் என்று நிரூபிக்க என்னென்ன தேவை என்று பட்டியல் போடுங்கள். 793(ஈ)யில் ‘ரகசிய வகைப்பாடு’ என்ற சொல்லே இல்லை. 1917ஆம் ஆண்டு உளவுச் சட்டத்தின் வழி வந்த பிரிவு அது, அந்தச் சட்டம் இன்றைய வகைப்பாட்டு முறைக்கு மூத்தது. தேசப் பாதுகாப்பு தொடர்பான தகவலாக இருந்தால் போதும். 1519 விசாரணைக்குத் தடையாகப் பதிவை அழிப்பது, மறைப்பது. 20 ஆண்டு வரை. 2071 அரசுப் பதிவை எடுத்துச் செல்வது, ஒளிப்பது. 3 ஆண்டு வரை. இப்போது பத்திரத்துக்குத் திரும்புங்கள். திறந்திருந்த ஒரு பத்தியில், முன்பே பெற்ற 15 பெட்டிகளில் 14இல் வகைப்பாட்டு முத்திரையுள்ள ஆவணங்கள் இருந்தன, மொத்தம் 184, அதில் 67 ‘கான்ஃபிடன்ஷியல்’, 92 ‘சீக்ரெட்’, 25 ‘டாப் சீக்ரெட்’ என்று இருந்தது. அது 793க்கான அடித்தளம். 1519க்கான அடித்தளம் எங்கே என்று தேடினால் திறந்த பகுதியில் அவ்வளவாகக் கிடைக்காது. அப்படியானால் கறுப்பில்தான் அதைச் சொல்லியிருக்க வேண்டும். சட்டத்தின் தேவைப் பட்டியலைத் திறந்த பகுதியோடு பொருத்தி, மிச்சம் எதுவென்று பார்ப்பதுதான் முறையான ஊகம். அதைத் தாண்டி “இன்னார்தான் காட்டிக்கொடுத்தார்” என்று போவது வம்பு.

அந்த மறைப்புகளுக்கான காரணமும் தனியாக இருந்தது. முந்தைய நாள் மாஜிஸ்திரேட் போட்ட சிறு உத்தரவில் சாட்சிகள், அதிகாரிகள், குற்றம் சாட்டப்படாதவர்கள், விசாரணையின் போக்கு, கிராண்ட் ஜூரித் தகவல் என்று வகைகள் சொல்லப்பட்டிருந்தன. பத்திரத்தை மட்டும் இறக்கிவிட்டு உத்தரவை விட்டுவிடாதீர்கள்.

ஆறாம் படி: நீங்களே மறைக்க வேண்டி வந்தால்

தாமாகவே வழக்கு நடத்துகிறவர்கள் கவனிக்க. மறைப்பது தாக்கல் செய்பவர் பொறுப்பு, கிளார்க் சரிபார்க்க மாட்டார். உங்கள் சொந்த எண்ணை மறைக்காமல் போட்டால் அந்தப் பாதுகாப்பை நீங்களே கைவிட்டதாகக் கொள்ளலாம் என்று 5.2(எச்) சொல்கிறது.

2019 ஜனவரி 8 அன்று ட்ரம்ப்பின் முன்னாள் பிரசாரத் தலைவர் பால் மனஃபோர்ட்டின் வக்கீல்கள் தாக்கல் செய்த மனுவில் எழுத்தின் மேல் கறுப்புப் பெட்டி மட்டும் இருந்தது. பத்திரிகையாளர்கள் தேர்ந்தெடுத்து, நகலெடுத்து, வேறிடத்தில் ஒட்டினார்கள். கருத்துக்கணிப்புத் தரவைப் பகிர்ந்ததாகச் சொல்லப்பட்ட விவரம் அப்படியே வந்துவிட்டது. காரணம் எளிது: பிடிஎஃப்பில் பெட்டி ஒரு அடுக்கு, எழுத்து வேறொரு அடுக்கு.

அதனால் இந்த வரிசையில் செய்யுங்கள். மூலத்தைத் தொடாமல் ஒரு பிரதி எடுங்கள். வேர்டில் நிழல் வண்ணம் போடுவதை மறந்துவிட்டு, அக்ரோபேட் புரோ போன்றவற்றில் உள்ள மறைப்புக் கருவியால் குறியுங்கள். குறித்ததோடு நின்றுவிடாமல் ‘அமல்படுத்து’ பொத்தானை அழுத்துங்கள். பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். பிறகு மறைதகவல் நீக்கும் வசதியை ஓட்டுங்கள்: ஆசிரியர் பெயர், கருத்துரை, புக்மார்க், இணைப்புக் கோப்பு, ஸ்கேன் செய்ததில் ஒட்டியிருக்கும் எழுத்துணரி அடுக்கு எல்லாம் போக வேண்டும். கோப்பின் பெயரையும் பாருங்கள். கடைசியாக முழுதும் தேர்ந்தெடுத்து நோட்பேடில் ஒட்டி, மறைத்த பெயரைத் தேடுங்கள். கிடைத்தால் மறுபடி முதலிலிருந்து.

கருவி சரியாக வேலை செய்தாலும் மனிதர் தவறலாம். 2020 அக்டோபரில் வெளியான ஒரு சிவில் வழக்கு வாக்குமூலத்தில் பெயர்களை ஒழுங்காக மறைத்தவர்கள், பின்னால் இருந்த அகரவரிசைச் சொல்லடைவின் பக்க எண்களை விட்டுவிட்டார்கள். மறைந்த சொல் எந்த எழுத்தில் தொடங்குகிறது, எந்தப் பக்கத்தில் வருகிறது என்பது அதிலிருந்தே தெரிந்துவிட்டது. அடைவு, பொருளடக்கம், அடிக்குறிப்பு மூன்றையும் தனியாக ஒருமுறை பாருங்கள்.

மற்றவர்கள் இப்படிக் கோட்டை விட்ட ஆவணம் உங்கள் கைக்கு வந்தால், அதில் தனிமனிதரின் எண்ணோ முகவரியோ இருக்குமானால் பரப்பாதீர்கள். 2025 மார்ச்சில் கென்னடி ஆவணங்களை மறைப்பில்லாமல் வெளியிட்டபோது உயிரோடு இருப்பவர்களின் சமூகப் பாதுகாப்பு எண்களும் வெளியே வந்தன. அதனால் வரலாற்றுக்கு ஒரு லாபமும் இல்லை.

ஏழாம் படி: திறக்கச் சொல்லிக் கேட்பது

மறுப்புக் கடிதத்தின் தேதியிலிருந்து குறைந்தது 90 நாள் மேல்முறையீட்டுக்கு உண்டு. கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. “எல்லாவற்றையும் திறங்கள்” என்று எழுதினால் பதிலும் அதே பொத்தாம்பொதுவாகத்தான் வரும். பக்க எண், குறியீடு, ஏன் பொருந்தாது என்று வரிசையாக எழுதுங்கள். பி5 என்றால் எந்த உரிமை, வெளியிட்டால் என்ன தீங்கு வரும் என்று கேளுங்கள். தீங்கை முன்கூட்டியே காண முடிந்தால்தான் மறைக்கலாம் என்பது 2016 முதல் சட்டத்திலேயே, 552(ஏ)(8)இல், இருக்கிறது. பி7சியில் மறைந்தவர் இறந்துவிட்டார் என்றால் இரங்கல் செய்தியை இணையுங்கள். பிறந்து நூறாண்டு கடந்தவர்களை எஃப்பிஐ இறந்தவராகவே கொள்ளும், பிறந்த ஆண்டுக்கான சான்று போதும். அதே தகவலை அரசே முன்பு வெளியிட்டிருந்தால் அந்தப் பக்கத்தை வையுங்கள். ஆனால் அது அதே அளவு துல்லியமாகவும், அதிகாரப்பூர்வமாகவும் இருந்தால்தான் எடுபடும், பத்திரிகைக் கசிவு எடுபடாது.

பி1க்கு இன்னொரு வழி உண்டு: 13526ஆம் ஆணையின் 3.5 பிரிவின்படி கட்டாய மறுபரிசீலனை கேட்பது. அதில் கடைசி மேல்முறையீடு பல துறைகள் சேர்ந்த ஒரு குழுவிடம் போகும்; ஆனால் நீதிமன்றம் போக முடியாது. ஒற்றைப் பழைய ஆவணம், தலைப்பும் தேதியும் தெரியும் என்றால் இதுவே மேல். கோப்புக் கட்டாக வேண்டுமென்றால் ஃபோயா.

மேல்முறையீட்டுக்கும் பதில் 20 வேலைநாளில் வர வேண்டும். வராவிட்டாலோ மறுத்தாலோ, தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ள ஓஜிஐஎஸ் அலுவலகத்தின் இலவச சமரசத்தை நாடலாம், அல்லது ஃபெடரல் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம். அங்கே நிரூபிக்கும் சுமை அரசின் மேல். நீதிபதி துறையின் முடிவை அப்படியே ஏற்காமல் புதிதாகப் பார்ப்பார், விரும்பினால் மறைக்காத பிரதியைத் தன் அறையில் வாங்கிப் படிப்பார். வழக்கு வந்ததும் நீங்கள் கேட்க வேண்டியது வான் பட்டியல், 1973ஆம் ஆண்டு வான் எதிர் ரோசன் வழக்கிலிருந்து வந்த பெயர். மறைத்த ஒவ்வொரு ஆவணத்துக்கும் தேதி, எழுதியவர், பெற்றவர், பக்க அளவு, விலக்கு, காரணம் என்று அதில் நிரல் இருக்கும். அது கைக்கு வந்ததும் ஆவணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பட்டை பட்டையாக ஒப்பிடுங்கள். இரண்டு ஆவணங்களுக்கு ஒரே காரணத்தை ஒரே சொற்களில் வெட்டி ஒட்டியிருக்கும் வரிகளைத் தனியாகக் குறித்துவையுங்கள். உங்கள் எதிர்வாதத்தின் முதல் பத்தியை அங்கிருந்து எழுதலாம்.